கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பணிநோக்க விருதுகள்: புதிதாகச் சேரும் மாணவருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு முடியும் வேளையில், பட்டமளிப்பு விழாவை ஒட்டி, மாணவர்களுக்குப் பலவகை விருதுகள் அறிவிக்கப்படுகின்றன. மதிப்பெண்ணுக்கும் ஆய்வுக்கும் விளையாட்டுக்கும் தரப்படுபவற்றை எல்லாரும் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். அவற்றுக்கு நடுவே, பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்கப் பணிநோக்கத்துக்குத் தொண்டாற்றிய மாணவரைச் சிறப்பிக்கும் விருது ஒன்றோ இரண்டோ இருக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்குக் குழப்பம் தருவது இதுதான். பக்தி மிகுந்தவருக்கு மட்டும் உரியதா, ஏழைகளுக்கு உதவியவருக்கு உரியதா, வேற்றுச் சமயத்தவர் இதை நினைத்துப் பார்க்கலாமா, நாமே விண்ணப்பிக்க வேண்டுமா, பிறர் முன்மொழிய வேண்டுமா என்ற கேள்விகள் முதல் பருவத்திலேயே எழுகின்றன; விடை கிடைக்கும்போது பெரும்பாலும் கடைசி ஆண்டு வந்துவிடுகிறது.

இந்தக் கட்டுரை இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் நகரை ஒட்டியுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. இயேசு சபையினரின் பல்கலைக்கழகங்களையும் இடையிடையே தொட்டுச் செல்கிறது. வேறு நிறுவனத்தில் சேர்ந்திருப்போரும் இதே வரிசையில் தங்கள் வளாகத்தின் விவரங்களைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். நான்காண்டு இளநிலைப் படிப்புக்கு வந்தவருக்குக் காலம் தாராளமாக இருக்கிறது. இரண்டே ஆண்டில் முதுநிலை முடிக்க வந்தவர் முதல் பருவத்திலேயே தொடங்குவது நல்லது.

முதற்படி: நிறுவிய சபையை அறிந்துகொள்ளுங்கள்

எல்லாக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு துறவற சபையும், அந்தச் சபைக்கே உரிய ஆன்மிக மரபும், அந்த மரபைச் சொல்லும் சில சொற்களும் உண்டு. விருதுக் குறிப்பில் வரும் சொற்கள் பெரும்பாலும் அந்த மரபிலிருந்தே எடுக்கப்படுகின்றன. ஆகவே அந்த வரலாற்றை அறியாதவர் விருதுக் குறிப்பைப் படித்தாலும் அதன் பாதிப் பொருளையே எட்டுவார்.

நோட்டர் டேமை நிறுவியவர் எட்வர்ட் சோரன் என்ற பிரெஞ்சு அருள்பணியாளர். 1842 நவம்பர் 26 அன்று, தம் 28-ஆம் வயதில், அருள்சகோதரர்கள் சிலருடன் பனி மூடிய ஏரிக்கரை நிலத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். அடுத்த சில நாட்களில் பிரான்சிலிருந்த தம் சபைத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்தில், இந்தக் கல்லூரி இந்நாட்டில் நன்மை செய்வதற்கான மிக ஆற்றல் வாய்ந்த வழிகளுள் ஒன்றாக அமையும் என்று நம்பிக்கையோடு குறிப்பிட்டார். அந்தக் கடிதத்தைப் பெற்றவர்தான் பாசில் மோரோ. 1837-இல் பிரான்சின் லெ மான் நகரில் திருச்சிலுவை சபையை உருவாக்கியவரும், 2007 செப்டம்பர் 15 அன்று அதே நகரில் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டவரும் அவரே. கல்வியைப் பற்றி அவர் 1849-இல் தம் சபையினருக்கு எழுதிய சுற்றுமடலில், இதயத்தைப் பலிகொடுத்து அறிவை வளர்க்க மாட்டோம் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. நோட்டர் டேமில் விடுதிக் கூட்டம் முதல் பட்டமளிப்பு உரை வரை எங்கும் கேட்கும் வரி அது. அங்கே தரப்படும் பணிநோக்க விருதும் மோரோவின் பெயரையே தாங்கியிருக்கிறது.

தமிழ் வாசகர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருச்சியின் ஹோலி கிராஸ் கல்லூரியை நடத்துபவர்கள் பிரான்சின் ஷவனோ என்ற ஊரில் தோன்றிய சிலுவைச் சகோதரிகள். நோட்டர் டேமின் திருச்சிலுவை சபை வேறு. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றென எண்ணி, அந்தக் கல்லூரியில் படித்ததை நோட்டர் டேமின் மரபோடு இணைத்து விண்ணப்பத்தில் எழுதிவிடக் கூடாது. சென்னை லயோலாவிலோ திருச்சி தூய வளனார் கல்லூரியிலோ படித்துவிட்டு ஜார்ஜ்டவுன், மார்க்கெட், பாஸ்டன் கல்லூரி போன்றவற்றில் சேர்பவரின் நிலை வேறு. அவை அனைத்தும் இயேசு சபையின் நிறுவனங்களே. அங்கே புழங்கும் பல சொற்கள் அவருக்கு முன்பே பழக்கமானவையாக இருக்கும்.

மற்றச் சபைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிலடெல்பியாவை அடுத்துள்ள வில்லனோவா அகுஸ்தீன் சபையினருடையது. உண்மை, ஒற்றுமை, அன்பு என்ற மூன்றும் அதன் இலச்சினையில் உள்ளன. சிகாகோவின் டி பால், ஏழைகளின் தோழரான புனித வின்சென்ட் தே பவுலின் வழிவந்தவர்களால் 1898-இல் தொடங்கப்பட்டது. ஒஹாயோவின் டேட்டன் மரியானியச் சபையைச் சேர்ந்தது. உங்கள் பல்கலைக்கழகம் எதுவாயினும், சேர்ந்த முதல் மாதத்திலேயே அதன் பணிநோக்க அறிக்கையை முழுமையாக ஒருமுறை படித்துவிடுங்கள். அது பெரும்பாலும் ஓரிரு பக்கங்களுக்குள் முடிந்துவிடும்.

இரண்டாம் படி: கத்தோலிக்கப் பணிநோக்கம் என்றால் என்னவென்று தெளியுங்கள்

இந்தப் படியை அவசரமாகக் கடப்பவர்களே அதிகம். நான் மிகுதியாக வலியுறுத்த விரும்புவதும் இதைத்தான். கத்தோலிக்கப் பணிநோக்கத்தை வழிபாட்டோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது ஒரு பிழை. சமூக சேவையோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது மற்றொரு பிழை. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1990 ஆகஸ்ட் 15 அன்று வெளியிட்ட எக்ஸ் கோர்தே எக்லேசியே என்ற ஆவணம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அடிப்படைச் சட்டம் போன்றது. திருச்சபையின் இதயத்திலிருந்து என்பது அந்த இலத்தீன் பெயரின் பொருள். கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு இருக்க வேண்டிய நான்கு இயல்புகளை அது கூறுகிறது. தனி மனிதரிடம் மட்டுமன்றிப் பல்கலைக்கழகச் சமூகம் முழுவதிலும் கிறிஸ்தவ உந்துதல் இருக்க வேண்டும். பெருகிவரும் மானுட அறிவை நம்பிக்கையின் ஒளியில் இடைவிடாது சிந்திக்க வேண்டும். திருச்சபை வழியாக வந்த கிறிஸ்தவச் செய்திக்கு உண்மையாயிருக்க வேண்டும். இறைமக்களுக்கும் மனிதக் குடும்பத்துக்கும் தொண்டாற்ற நிறுவனமாகவே உறுதிபூண வேண்டும்.

இந்த நான்கையும் ஒரு மாணவரின் அன்றாடத்தில் வைத்துப் பாருங்கள். விடுதிச் சிற்றாலயத்தின் பாடகர் குழுவை நடத்துபவர் முதலாவதைத் தொடுகிறார். உயிரியல் மாணவர் ஒருவர் கருவிலுள்ள உயிரைப் பற்றியோ வாழ்வின் இறுதிக்கால மருத்துவத்தைப் பற்றியோ அறநெறி உரையாடல் ஒன்றை ஒழுங்கு செய்தால், அவர் செய்வது இரண்டாவது இயல்புக்கு உரியது. தியான முகாமில் சக மாணவருக்குத் துணை நிற்பவரும், திருமுழுக்குப் பெற விரும்பும் நண்பரின் ஓராண்டுத் தயாரிப்பில் கூடவே நடப்பவரும் மூன்றாவதற்கு உழைக்கிறார்கள். வீடற்றோர் இல்லத்தில் வாரந்தோறும் பணிசெய்பவர் நான்காவதற்கு உரியவர். ஒருவரே நான்கையும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் செய்யும் ஒன்று மற்ற மூன்றோடு எப்படிப் பொருந்துகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேர்வுக் குழு தேடுவது பெரும்பாலும் இந்தப் பிணைப்பையே.

இயேசு சபை நிறுவனங்களில் இதே பொருள் வேறு சொற்களில் வரும். சபையின் உலகத் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே 1973-இல் ஸ்பெயினின் வலென்சியா நகரில் இயேசு சபைப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்களிடையே ஆற்றிய உரையில், பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே நம் கல்வியின் நோக்கம் என்றார். அடுத்து வந்த சபைப் பொதுப்பேரவை நம்பிக்கையின் பணியையும் நீதியின் வளர்ச்சியையும் பிரிக்க முடியாதவையாக இணைத்தது. 2000-இல் கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா பல்கலைக்கழகத்தில் பேசிய அடுத்த சபைத் தலைவர் பீட்டர் ஹான்ஸ் கோல்வன்பாக், நம் பல்கலைக்கழகங்களின் உண்மையான அளவுகோல் மாணவர்கள் எத்தகைய மனிதராக உருவாகிறார்கள் என்பதே என்று தெளிவுபடுத்தினார். இந்த மூன்றையும் அறிந்தவருக்கு இயேசு சபை நிறுவனங்களின் விருதுக் குறிப்புகள் பெரும்பாலும் எளிதில் விளங்கும்.

கத்தோலிக்கர் அல்லாதோருக்கு ஒரு சொல். தமிழ்நாட்டிலிருந்து செல்லும் மாணவருள் இந்துக்களும் முஸ்லிம்களும் பிற திருச்சபைகளைச் சேர்ந்தோரும் இருக்கிறார்கள். மேற்சொன்ன 1990 ஆவணமே, கத்தோலிக்கப் பல்கலைக்கழகச் சமூகத்தில் பிற திருச்சபையினரும் பிற சமயத்தினரும் சமய நம்பிக்கை இல்லாதோரும் இருப்பதை ஏற்று, அவர்களின் பங்களிப்பை மதித்து, ஒவ்வொருவரின் மனச்சான்றுச் சுதந்திரமும் முழுமையாகப் போற்றப்பட வேண்டும் என்கிறது. ஆகவே, கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று விருதுக் குறிப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தாலொழிய, நீங்களே உங்களை விலக்கிக்கொள்ளாதீர்கள். ஐயமிருந்தால் விருதை வழங்கும் அலுவலகத்திடம் ஒரு மின்னஞ்சலில் நேரே கேட்டுவிடலாம். அவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே வேளையில், திருப்பலியில் நற்கருணை வழங்குவது போன்ற சில பொறுப்புகள் கத்தோலிக்கருக்கு மட்டுமே உரியவை. அந்த எல்லையை மதித்து நடப்பதும் அந்தச் சமூகத்துக்குச் செய்யும் மரியாதைதான்.

மூன்றாம் படி: விருதுக் குறிப்பைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

நோட்டர் டேமின் மாணவர் நலப் பிரிவு ஆண்டுதோறும் மாணவர் தலைமைத்துவ விருதுகள் சிலவற்றை வழங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவை எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் அருளாளர் பாசில் மோரோ தலைமைத்துவ விருது, பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்க இயல்பை முன்னெடுத்துச் செல்லக் குறிப்பிடத்தக்க முயற்சி செய்தவருக்கு உரியது. ஜான் கார்ட்னர் பெயரிலான விருது வளாகத்துக்கு வெளியே ஆற்றிய தன்னார்வத் தொண்டுக்கு உரியது. அருள்பணியாளர் லெனர்ட் காலின்ஸ் பெயரிலான விருது சக மாணவரின் நலனுக்காக உழைத்தவருக்குத் தரப்படுகிறது. சவுத் பெண்ட் பள்ளிக் குழந்தைகளுக்கு மூன்றாண்டு பாடம் சொல்லிக்கொடுத்த மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொண்டு அப்படியே நின்றால் அவருக்குப் பொருந்துவது இரண்டாவது விருது. அதே மாணவர் தம் விடுதித் தோழர்களையும் அழைத்துச் சென்று, திரும்பி வந்ததும் அவர்களோடு அமர்ந்து, கண்டதைக் குறித்துச் செபத்திலும் உரையாடலிலும் சிந்திக்கும் வழக்கத்தை உருவாக்கி, அதனால் விடுதியின் பொதுவாழ்வே ஓரளவு மாறியிருந்தால், அவர் மோரோ விருதுக்கு உரியவராகிறார். செய்த வேலை ஒன்றே என்றாலும் அதன் விளைவு போய்ச் சேர்ந்த இடம் வேறு.

இயேசு சபை நிறுவனங்களில் படிப்போர் அறிய வேண்டியது ஆல்பா சிக்மா நூ என்ற மதிப்புறு சங்கம். 1915-இல் மில்வாக்கியின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் தோன்றிய அது, கல்வித்திறன், பற்றுறுதி, தொண்டு என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்கிறது. இங்கே பற்றுறுதி என்பது இயேசு சபைக் கல்வியின் இலட்சியங்களுக்கு உண்மையாயிருத்தல். வகுப்பில் முதல் 15 விழுக்காட்டுக்குள் இருப்போரே கருதப்படுவதால், தொண்டில் மூழ்கிப் படிப்பைக் கைவிடுபவருக்கு அந்தக் கதவு திறக்காது. மோரோ விருது போன்றவற்றிலும் நல்ல கல்விநிலை எதிர்பார்க்கப்படலாம் என்பதால் குறைந்தபட்சத் தரப்புள்ளி எவ்வளவு என்று குறிப்பில் பாருங்கள். கடைசி ஆண்டு மாணவருக்கு மட்டுமா, முதுநிலை மாணவருக்கும் உண்டா, தம்மைத் தாமே முன்மொழிய இடமுண்டா, முன்மொழிவு முடியும் நாள் எது ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். முன்மொழிவுகள் பெரும்பாலும் வசந்த காலப் பருவத்தில் கோரப்படுவதால், சனவரியிலிருந்தே விழிப்பாக இருப்பது பாதுகாப்பானது.

நான்காம் படி: ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கேயே நிலையுங்கள்

முதலாண்டு மாணவருக்கு ஆகஸ்டு இறுதியில் நடக்கும் சங்கக் கண்காட்சியில் நூற்றுக்கணக்கான மேசைகள் வரவேற்கும். பத்து இடங்களில் பெயர் கொடுத்துவிட்டு எதிலும் வேர் பிடிக்காமல் போவது வழக்கமாக நேரும் தவறு. வளாகத்துக்குள் ஒன்று, வெளியே ஒன்று என இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும்படியே நான் எவருக்கும் சொல்வேன்.

வளாகத்துக்குள் மிக இயல்பான இடம் நீங்கள் வாழும் விடுதி. நோட்டர் டேமின் இளநிலை விடுதி ஒவ்வொன்றிலும் ஒரு சிற்றாலயம் உண்டு. ரெக்டர் எனப்படும் விடுதித் தலைவர் மாணவரோடு அங்கேயே வாழ்கிறார். ஞாயிறு இரவுத் திருப்பலிக்கு இடத்தை ஒழுங்கு செய்தல், வாசகம் வாசித்தல், பாடுதல், தேர்வுக் காலத்தில் வளாகத்திலுள்ள கெபிக்கு, அதாவது மாதாவின் குகைக் கோயிலுக்கு, நடந்து சென்று மெழுகுவர்த்தி ஏற்றிச் செபிக்கக் குழுவாக அழைத்துச் செல்லுதல் எனச் சிறு பொறுப்புகள் ஏராளம். 1896-இல் கட்டப்பட்ட அந்தக் கெபி பிரான்சின் லூர்து கெபியை ஏழில் ஒரு பங்கு அளவில் ஒத்தது. வேளாங்கண்ணியை அறிந்த தமிழர் அந்த இடத்தின் மெழுகுவர்த்தி வரிசையைக் கண்டதும் ஒரு நொடி ஊர் நினைவில் நின்றுவிடுவார். கோல்மன்-மோர்ஸ் மையத்தில் உள்ள கேம்பஸ் மினிஸ்ட்ரி எனப்படும் ஆன்மப்பணி அலுவலகம், தியான முகாம்களுக்கும் பாடகர் குழுக்களுக்கும் விசுவாசக் கல்விக்கும் மாணவர் உதவியை வரவேற்கிறது. தயங்காமல் உள்ளே சென்று, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உங்களால் இயலும் என்பதைச் சொல்லி, எங்கே ஆள் தேவை என்று கேளுங்கள்.

வெளியே செல்ல விரும்புவோருக்கு, 1983-இல் சமூக அக்கறை மையமாகத் தொடங்கி இன்று இன்ஸ்டிடியூட் ஃபார் சோஷியல் கன்சர்ன்ஸ் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு வழிகாட்டும். கத்தோலிக்கச் சமூகப் போதனையை வகுப்பறையில் படிப்பதையும் களத்தில் வாழ்வதையும் அது இணைக்கிறது. கோடை விடுமுறையில் பல வாரங்கள் ஏழை மக்களோடு தங்கிப் பணியாற்றும் திட்டங்களும் அதன் வழியே நெடுங்காலமாக நடந்துவருகின்றன. சவுத் பெண்டில் 1988-இல் தொடங்கிய வீடற்றோர் மையமும், கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தைச் சார்ந்தோர் நடத்தும் விருந்தோம்பல் இல்லமும் மாணவருக்கு நன்கு தெரிந்த இடங்கள். தொழிலாளர் நிலை குறித்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் எழுதிய சுற்றுமடலிலிருந்து, படைப்பைப் பேணுதல் குறித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதியது வரை, அந்தப் போதனையின் முதன்மை ஆவணங்களில் ஒன்றையேனும் படித்துவிட்டுக் களத்துக்குச் சென்றால், செய்கிற வேலையின் பொருள் தெளிவாகும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் தேவை. குழந்தைகளும் சிறாரும் இருக்கும் இடத்தில் பணிசெய்ய வேண்டுமானால், பின்னணிச் சரிபார்ப்பும் சிறார் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம். அமெரிக்க ஆயர்கள் 2002-இல் ஏற்ற சிறார் பாதுகாப்புச் சாசனத்துக்குப் பின் இதில் விலக்கு எதிர்பார்க்கக் கூடாது. பயிற்சிக்குச் சில மணி நேரமும் சரிபார்ப்புக்குச் சில வாரமும் ஆகலாம் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள். அடுத்தது விசா தொடர்பானது. எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்போர் அறநிறுவனத்தில் ஊதியமின்றித் தொண்டாற்றலாம். ஆனால் வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையைத் தொண்டு என்ற பெயரில் செய்வது சிக்கலாகிவிடும். ஆன்மப்பணி அலுவலகத்தில் ஊதியத்துடன் பொறுப்புக் கிடைத்தால், அது வளாக வேலையாகவே கணக்கிடப்படும்; பருவம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்புக்குள் அது அடங்க வேண்டும். ஐயமான எதையும் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். கடைசி எச்சரிக்கை மனிதரின் மாண்பு பற்றியது. உணவுக்காக வரிசையில் நிற்பவரைப் படம் எடுத்து உங்கள் தொண்டுக்குச் சான்றாகப் பகிராதீர்கள். அந்தப் படம் விருதுக்கு உதவாது. நீங்கள் சேவிக்க வந்தவரை அது புண்படுத்தும்.

ஐந்தாம் படி: நாட்குறிப்பு வையுங்கள்

தொண்டைக் கணக்கு வைப்பது தற்பெருமை ஆகாதா என்ற தயக்கம் நம்மவரிடையே பரவலாக உண்டு. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற நற்செய்தி வரி கிறிஸ்தவரின் மனத்திலும் நிற்கும். அந்தத் தயக்கம் நல்ல இடத்திலிருந்து பிறப்பது என்பதால் அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நாட்குறிப்பு பிறருக்குக் காட்டுவதற்கு அல்ல. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் நாள்தோறும் அன்றைய நிகழ்வுகளை இறைவன் முன்னிலையில் திரும்பிப் பார்க்கும் ஆன்மச் சோதனையை வற்புறுத்தினார். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் அமர்ந்து, எங்கே சென்றேன், யாருடன் பணியாற்றினேன், எது என்னைத் தொட்டது, எதில் தவறினேன், அடுத்த வாரம் எதை மாற்ற வேண்டும் என்று எழுதுவது அதே பயிற்சியின் எளிய வடிவம்.

அதன் நடைமுறைப் பயன் பெரிது. மூன்றாண்டுக்குப் பின் உங்களை முன்மொழிய வரும் ஒருவர் விவரம் கேட்கும்போது, நினைவை மட்டும் நம்பினால் மாதங்களும் எண்ணிக்கையும் குழம்பிப்போகும். எந்தப் பருவத்தில் தொடங்கினீர்கள், முதலில் எத்தனை பேர் வந்தார்கள், பிறகு எத்தனை பேர் நிலைத்தார்கள், எந்த முயற்சி தோற்றது என்பவை குறிப்பில் இருந்தால் அவருக்குச் சரியானதைச் சொல்ல முடியும். சந்தித்த எளியோரின் பெயரை மட்டும் எழுதாமல் விடுங்கள். அவர்களின் துன்பத்தை உங்கள் ஏட்டில் பெயரோடு வைத்திருக்க உங்களுக்கு உரிமையில்லை.

ஆறாம் படி: முன்மொழிபவரை அணுகுங்கள்

தன் முன்மொழிவை ஏற்கும் விருதுகளும் உண்டு. ஆனால் நேரில் கண்டவரின் சொல்லுக்கே எடை மிகுதி. பேராசிரியர், ரெக்டர், ஆன்மப்பணியாளர், தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர், உங்களோடு உழைத்த சக மாணவர் ஆகியோரில் உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் யாரோ அவரே தகுந்தவர். புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவர் மூன்று வரியில் எழுதும் கடிதத்தைவிட, வாரந்தோறும் சமையலறையில் உங்களோடு நின்ற ஒருங்கிணைப்பாளர் எழுதும் ஒரு பக்கம் குழுவுக்கு அதிகம் சொல்லும்.

நேரில் கேட்க நம்மவருக்குக் கூச்சம் இருக்கும். பெரியவரிடம் எனக்கு விருது வாங்கிக் கொடுங்கள் என்று கேட்பதுபோலத் தோன்றுவதே அதற்குக் காரணம். அங்குள்ள வழக்கத்தில் இது இயல்பான வேண்டுகோள். கடைசி நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே சந்தித்து, இந்த விருதின் குறிப்பு இது, என் பணி இதற்குப் பொருந்துமென்று தாங்கள் கருதுகிறீர்களா, பொருந்துமானால் எழுத இயலுமா என்று கேளுங்கள். பொருந்தாது என்று அவர் சொன்னால் அதை மனமார ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த விருதுக்குப் பொருந்தும் என்பதையும் பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார். ஒப்புக்கொண்டவரிடம் விருதுக் குறிப்பு, உங்கள் பணிகளின் ஒரு பக்கச் சுருக்கம், கடைசி நாள், அனுப்ப வேண்டிய முறை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். கடிதத்தையே நீங்கள் எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குவது நம் ஊரில் சில இடங்களில் நடப்பதுண்டு. அங்கே அது நேர்மைக் குறைவாகக் கருதப்படும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

நீங்களே இன்னொருவரை முன்மொழியும் வாய்ப்பும் வரும். அப்போது எப்படி எழுதுவது என்பதற்குக் கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். இவர் மிகுந்த அர்ப்பணிப்பும் அன்பும் உடையவர், எல்லாரிடமும் நன்றாகப் பழகுவார் என்று எழுதினால், அது எவருக்கும் பொருந்தும் வரி. அதற்குப் பதிலாக, இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சிற்றாலய வாசலில் தேநீருடன் காத்திருந்து, தனியாக வந்தவர்களிடம் பேசும் வழக்கத்தை இவர் தொடங்கினார். முதல் மாதம் மூவரே நின்றார்கள், குளிர்காலத்தில் ஒருவரும் வராத இரவுகளும் இருந்தன, ஆயினும் இவர் தேநீர்க் குடுவையோடு வந்தார். இன்று அந்த அரைமணி நேரத்துக்காகவே விடுதியின் வேற்றுச் சமய மாணவர்களும் கீழே இறங்கி வருகிறார்கள் என்று எழுதுங்கள். காலம், இடம், செயல், தோல்வி, தொடர்ச்சி, விளைவு ஆகிய ஆறும் அந்த நான்கைந்து வரிகளில் வந்துவிடுகின்றன. பிறகு ஒரே வாக்கியத்தில் பல்கலைக்கழகத்தின் பணிநோக்க அறிக்கையிலுள்ள சொல் ஒன்றோடு அதை இணைத்தால் போதும். அந்த அறிக்கையைப் பத்தி பத்தியாக மேற்கோள் காட்டத் தேவையில்லை, குழுவினர் அதை நன்கு அறிந்தவர்கள்.

ஏழாம் படி: நேர்காணலும் அதன் பின்னும்

சில விருதுகளுக்கு இறுதிச் சுற்றில் நேர்காணல் இருக்கும்; சிலவற்றுக்குச் சிறு கட்டுரை கேட்பார்கள். இரண்டிலும் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி, செய்தவற்றின் பட்டியலைக் காட்டிலும், அவை உங்களை எவ்வாறு மாற்றின என்பதாகவே இருக்கும். நாட்குறிப்பைத் திரும்பப் படித்துவிட்டுச் செல்லுங்கள். உங்கள் நம்பிக்கை என்னவோ அதை மறைக்காமல் பேசுங்கள். கத்தோலிக்கர் அல்லாத மாணவர் ஒருவர் கத்தோலிக்கச் சொற்களை இரவல் வாங்கிப் பேசினால் குழுவினர் உடனே உணர்ந்துவிடுவார்கள். பசித்தவருக்கு உணவளிப்பதை என் பாட்டி அன்னதானம் என்பார், அந்தப் பழக்கமே என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது என்று ஒரு இந்து மாணவர் சொன்னால் அது நேர்மையான விடை; அந்தப் பல்கலைக்கழகம் எதை அவருக்குக் கூடுதலாகக் கற்றுத் தந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் விடை முழுமையாகும். கத்தோலிக்க மாணவரும், நம்பிக்கை தளர்ந்த நாட்கள் இருந்திருந்தால், அவற்றைச் சொல்ல அஞ்ச வேண்டாம்.

விருது கிடைத்தால், முன்மொழிந்தவருக்கும் உங்களோடு உழைத்தவர்களுக்கும் கையால் எழுதிய நன்றிக் கடிதம் அனுப்புங்கள். தொண்டு நிறுவனத்தினரை விழாவுக்கு அழைக்க இடமுண்டா என்று கேளுங்கள். பணப் பரிசு இருந்தால் அது வரிக்கு உட்படலாம் என்பதால் பல்கலைக்கழக வரிப் பிரிவிடம் விளக்கம் பெறுங்கள். தன்விவரக் குறிப்பில் விருதின் முழுப் பெயரோடு, அது எதற்காகத் தரப்படுகிறது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். இந்தியாவில் உள்ள பணியமர்த்துவோருக்கு மோரோ என்ற பெயர் மட்டும் எதையும் உணர்த்தாது. கிடைக்காவிட்டால், அடுத்த ஆண்டும் தகுதி உண்டா என்று பாருங்கள். முன்மொழிந்தவரிடம் முடிவைச் சொல்லி அப்போதும் நன்றி கூறுங்கள்.

எந்த முடிவானாலும் ஏப்ரலிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நீங்கள் பார்த்துவந்த பொறுப்பை இளைய மாணவர் ஒருவரிடம் முறையாக ஒப்படையுங்கள். வீடற்றோர் மையத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் அவரை நேரில் அறிமுகப்படுத்துங்கள். சிற்றாலயப் பொருட்கள் எந்த அலமாரியில் உள்ளன, சாவி யாரிடம் இருக்கிறது, எந்தக் கிழமையில் வண்டி கிடைக்கும், குளிர்காலத்தில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பவற்றை எழுதிக் கொடுங்கள். இரண்டு வாரமாவது அவரோடு சேர்ந்து நின்று வேலையைக் காட்டுங்கள். பட்டமளிப்பு வாரம் தொடங்கிவிட்டால் இதற்கு நேரமே கிடைக்காது.